ஆத்தங்குடி டைல்ஸ் வெப்சைட்: வந்த ஆளு ஏன் நிக்க மாட்டேங்கிறாரு?

வணக்கம் மக்களே! காரைக்குடி சுத்துவட்டாரத்துல ஆத்தங்குடி டைல்ஸ் விக்கிறவங்களுக்குத்தான் இந்த வீடியோ. "சைட்டுக்கு ஆளு வர்றாங்க, வந்த வேகத்துல போயிடுறாங்க"னு சொல்றீங்கள்ல, அதைப் பாத்துடுவோம்.

முதல்ல ஹோம் பேஜ். வளவு, அதாவது வீட்டு முற்றத்தோட போட்டோ அஞ்சு, ஒண்ணு மாத்தி ஒண்ணா ஸ்லைடரா ஓடும், ஒவ்வொண்ணும் போன்ல எடுத்தபடியே 5 எம்பி. ஸ்லைடரைத் தூக்கிடுங்க, ஒரே படம் போதும். அகலம் 1200 பிக்சல், வெப்-பி ஃபார்மட் (படத்தோட சைஸைக் குறைச்சுச் சேமிக்கிற வகை), குவாலிட்டி 75லிருந்து 80. அதுக்குக் கீழ இறக்குனா பூ டிசைன்ல கோடெல்லாம் கலங்கிடும், டைல்ஸ் விக்கிறவருக்கு அது ஆகாது. திரையில தெரியிற பெரிய படம் 2.5 செகண்டுக்குள்ள வரணும்ங்கிறது கூகுள் வச்சிருக்கிற அளவு. சைட் வேகத்தை அளந்து சொல்ற கூகுளோட பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ்ல உங்க சைட் முகவரியைப் போட்டுப் பாருங்க, காசு கிடையாது. அதுலயும் மொபைல் கணக்கைத்தான் பாக்கணும்.

நிறைய சைட்ல லேசி லோடிங்கை, அதாவது கிட்ட ஸ்க்ரோல் பண்ணி வந்தாத்தான் படத்தை இறக்குற முறையை, எல்லாப் படத்துக்கும் போட்டு வச்சிருக்காங்க. கீழ இருக்கிற படங்களுக்கு அது நல்லது. மேல இருக்கிற முதல் படத்துக்குப் போட்டா, அந்தப் படமே லேட்டாத்தான் வரும். அப்புறம், படத்தோட அகலம், உயரம் ரெண்டையும் கோடிங்ல குடுத்துடுங்க. இல்லேன்னா படம் வந்து விழும்போது எழுத்தெல்லாம் கீழ குதிக்கும், போன் பட்டனை அமுக்கப் போனவர் வேற எதையோ அமுக்குவாரு.

சரி, படம் வந்தாச்சு. வந்தவர் மனசுல இருக்கிறது ஒரே கேள்விதான்: "என் ஹாலுக்கு எத்தனை கல்லு?" அதுக்குப் பதில் இல்லாத சைட்ல யாரு உக்காருவா? ஒரு சின்ன கால்குலேட்டர் வைங்க. நீளம், அகலம் அடியில போடட்டும், கல்லு சைஸைத் தேர்ந்தெடுக்கட்டும். 10க்கு 12 ரூம், 120 சதுர அடி. 12 இஞ்ச் கல்லுன்னா 120, 10 இஞ்ச்னா 173, 8 இஞ்ச்னா 270. வெட்டுக்கும் உடைசலுக்கும் 10 சதவீதம் கூட்டிக் காட்டுங்க. நாலஞ்சு ரூமைப் போட்டுப் பாப்பாரு, சைஸை மாத்திப் பாப்பாரு. நிக்கிறதுன்னா அதுதான், பாப்-அப் போட்டு மறிக்கிறது இல்ல.

ஒவ்வொரு டிசைன் பக்கத்துலயும் அதுக்குப் பொருந்துற பார்டர், மூலைக்கல்லு ரெண்டுக்கும் லிங்க் குடுங்க. கண்ணாடி மேல கலர் ஊத்திக் கல்லு செய்யிற வீடியோ வச்சா அரை நிமிஷம் போதும், சத்தம் தானா ஓடக் கூடாது. கைவேலைங்கிறதால ஷேடு கொஞ்சம் மாறும்னு அங்கேயே எழுதிடுங்க, பின்னாடி சண்டை வராது.

சைட்டுக்கு யார் வந்தா, எவ்வளவு நேரம் இருந்தானு கணக்கு காட்டுற கூகுள் அனலிடிக்ஸ் 4ல 10 செகண்டுக்கு மேல இருந்தாலே 'நின்னவரு'னு கணக்கு வந்துடும். டைல்ஸுக்கு அது ரொம்பக் கம்மி, செட்டிங்ல 30 ஆக்கிக்கங்க.

கடைசியா வாட்ஸ்அப் லிங்க். 91 போட்டு பத்து நம்பர், முன்னாடி பிளஸ்ஸோ பூஜ்யமோ வேண்டாம். டிசைன் பேரும் கல்லு எண்ணிக்கையும் மெசேஜ்ல தானா நிரம்புற மாதிரி வச்சுடுங்க. கமெண்ட்ல உங்க சைட் லிங்க் போடுங்க, அடுத்த வீடியோல ஒண்ணொண்ணா பிரிச்சுப் பாப்போம்.