வடக்கு ஆவணி மூல வீதியில் எரிந்த அடுப்பு

பெரியவர்களே, தாய்மார்களே, வணக்கம். பஞ்சத்தில் மதுரைக்குக் கஞ்சி ஊற்றிய குஞ்சரத்தம்மாளைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

அள்ளி அள்ளிச் சாப்பிடுகிறவனைப் பார்த்தால் நம் ஊர்க் கிழவிகள், ‘தாது வருசப் பஞ்சத்துல அடிபட்டவன் மாதிரி திங்கிறான் பாரு’ என்பார்கள். அந்தத் தாது வருஷம் 1876. மழை பொய்த்தது, வைகை வெறும் மணலானது. ரயில் அப்போதுதான் மதுரைக்கு வந்திருந்தது. ஆனால் ரயிலுக்குப் பசி தெரியுமா? விலை கிடைக்கிற பக்கம் தானியத்தை ஏற்றிக்கொண்டு ஓடியது.

1877 ஜனவரி 1 அன்று விக்டோரியாவைப் பேரரசி என்று அறிவித்து டெல்லியில் தர்பார் நடத்தினார்கள். அதே மாதம், பஞ்ச நிவாரணத்தைப் பார்வையிட ஆங்கில அரசு அனுப்பிய சர் ரிச்சர்டு டெம்பிள் தெற்கே வந்து கூலியைக் குறைத்தார். நிவாரண வேலையில் மண் சுமக்கும் ஆணுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், கூட ஓரணா. ஒரு பவுண்டு என்றால் 450 கிராம். இதைத் தின்று எவன் மண் சுமப்பான் என்று சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் சண்டையே போட்டார்.

இந்த நேரத்தில்தான் குஞ்சரத்தம்மாள் அடுப்பு மூட்டினார். தாசி குலத்தவர். இதைச் சொல்லத் தயங்குகிறவர்கள் உண்டு, எனக்குத் தயக்கமில்லை. வடக்கு ஆவணி மூல வீதியில் அவருக்கு இரண்டு பெரிய வீடுகள் என்பார்கள். வாசலில் கஞ்சித் தொட்டி. நீ யார், எந்த ஊர், என்ன வேலை செய்தாய் என்ற கேள்வியே கிடையாது. வந்து நின்றால் கஞ்சி, அவ்வளவுதான்.

அந்த வீதியின் பேரைக் கவனித்தீர்களா? ஆவணி மூலத்தன்று சொக்கநாதரே இந்த ஊரில் வந்தியின் உதிர்ந்த புட்டுக்காக மண் சுமந்தார், பிரம்படியும் பட்டார். பாண்டியன் அடித்தான், வந்தி சோறு போட்டாள். டெம்பிள் கூலியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பிரம்புதான் ஞாபகம் வரும்.

அப்புறம் கஞ்சிக்காகக் குஞ்சரத்தம்மாளின் நகை போனது. வெள்ளிப் பாத்திரம் போனது. ஒரு வீடு, பிறகு இன்னொரு வீடு. பதின்மூன்று மாதம் அடுப்பு அணையவில்லை என்பது மதுரை வழிவழியாகச் சொல்லிவரும் கதை. கடைசியில் ஒரு சின்ன ஓட்டு வீட்டில் படுத்த படுக்கையாகி அவர் இறந்தபோது, சித்திரைத் திருவிழாவுக்குத் திரளுவதுபோல ஜனம் திரண்டதாம். அன்று தூக்கிக்கொண்டு நடந்தவர்களில் பாதிப்பேர் அவர் கஞ்சி குடித்துப் பிழைத்தவர்களாகத்தான் இருந்திருப்பார்கள்.