சாய்தளம் உண்மையில் எதைக் குறைக்கிறது?

வணக்கம். உங்கள் புளோக்குக்குக் கீழே படிக்கட்டை ஒட்டி ஒரு சாய்தளம் இருக்கும், சக்கர நாற்காலியும் குழந்தைத் தள்ளுவண்டியும் தேக்காவில் வாங்கிய காய்கறி வண்டியும் ஏறுகிற வழி. வெறும் மூன்று படி உயரம்தான், ஆனால் சாய்தளம் எவ்வளவு நீளமாகப் போகிறது பாருங்கள். சிங்கப்பூர்க் கட்டட விதிகளில் இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் சரிவு 1:12. அதாவது ஒரு மீட்டர் உயர, 12 மீட்டர் போக வேண்டும். ஏன் இவ்வளவு நீளம்? கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

[திரையில்: சக்கர நாற்காலி, அரை மீட்டர் உயரம்]

நாற்காலியும் அதில் உட்கார்ந்திருப்பவரும் சேர்ந்து 90 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோவைப் பூமி ஏறக்குறைய 10 நியூட்டன் விசையோடு இழுக்கிறது, அப்படியானால் மொத்தம் 900 நியூட்டன். நேராகத் தூக்கி அரை மீட்டர் மேலே வைத்தால் செய்த வேலை 900 பெருக்கல் 0.5, அதாவது 450 ஜூல். இயற்பியலில் வேலை என்றால் இவ்வளவுதான்: விசையை, அந்த விசையின் திசையில் நகர்ந்த தூரத்தால் பெருக்க வேண்டும்.

இப்போது அதே நாற்காலியைச் சாய்தளத்தில் தள்ளுங்கள். தூரம் 6 மீட்டர் ஆகிவிட்டது, ஆனால் தள்ள வேண்டிய விசை 900-இல் பன்னிரண்டில் ஒரு பங்கு, 75 நியூட்டன்தான். ஏழரை கிலோ மூட்டையைக் கையில் தூக்கிப் பிடிக்கிற அளவு. 75 பெருக்கல் 6, மறுபடியும் 450 ஜூல்! வேலை ஒரு ஜூல்கூடக் குறையவில்லை. விசை குறைந்தது, அந்த அளவுக்குத் தூரம் கூடியது. நெம்புகோல், கப்பி, திருகு எதை எடுத்தாலும் இந்தப் பேரம்தான் நடக்கிறது, எந்த எளிய இயந்திரமும் வேலையை இலவசமாகத் தராது.

இன்னும் சொல்லப்போனால் நிஜத்தில் கொஞ்சம் அதிகமாகவே கொடுக்க வேண்டியிருக்கும். சக்கரத்தில் உராய்வு இருப்பதால் 75 போதாமல் 90 நியூட்டன் தேவைப்பட்டால், நீங்கள் செய்யும் வேலை 540 ஜூல். அதில் 450 மட்டும் உயரமாகச் சேமிக்கப்படுகிறது, இதைத்தான் நிலை ஆற்றல் என்கிறோம். மீதி 90 ஜூல் வெப்பமாகப் போய்விடும். அப்படியும் சாய்தளம்தான் சரி, ஏனென்றால் 900 நியூட்டனைத் தனியாளாகத் தூக்க யாராலும் எளிதில் முடியாது, 90 நியூட்டனை ஒரு வயதான அம்மாவால்கூடத் தள்ள முடியும்.

மாணவர்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்று. பத்து கிலோ அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு சமதரையில் பேருந்து நிறுத்தம் வரை நடந்தால் அதுவும் வேலைதானே? பைக்குக் கொடுக்கும் விசை மேல்நோக்கி, நகர்வதோ பக்கவாட்டில், அதனால் அந்த விசை பையின் மீது செய்த வேலை பூஜ்யம். கை வலிக்கிறதே என்றால், வலிக்கத்தான் செய்யும். பையை அசையாமல் பிடித்திருந்தாலும் தசை நார்கள் இடைவிடாமல் சுருங்கிக்கொண்டே இருக்கின்றன, அதற்குச் சாப்பாட்டின் ஆற்றல் செலவாகி வெப்பமாகிறது. செலவு உங்கள் உடம்புக்குள், பைக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை.

சரி, எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருவோம்: லிஃப்ட்.

[திரையில்: கப்பி, ஒரு பக்கம் லிஃப்ட் பெட்டி, மறுபக்கம் எதிர் எடை]

60 கிலோ எடையுள்ள ஒருவரைப் பத்து மாடி மேலே கொண்டுபோக, மாடிக்கு 2.8 மீட்டர் என்று வைத்தால், 16,800 ஜூல் வேண்டும். அவரோடு பல நூறு கிலோ எடையுள்ள பெட்டியையும் சேர்த்துத் தூக்குவதென்றால் மோட்டார் திணறிவிடும். அதனால் கம்பிவடத்தின் மறுமுனையில் ஒரு எதிர் எடையைத் தொங்கவிடுகிறார்கள். பெட்டியின் எடையோடு அது சுமக்கக்கூடிய முழுப் பாரத்தில் ஏறக்குறைய பாதியைச் சேர்த்தால் வருகிற எடை அது. பெட்டி 1,000 கிலோ, முழுப் பாரம் 800 கிலோ என்றால் எதிர் எடை 1,400 கிலோ. உள்ளே ஆறு பேர் நின்றால் இரண்டு பக்கமும் கிட்டத்தட்டச் சமம், மோட்டார் உராய்வைச் சமாளித்தால் போதும்.

ஆள் இல்லாத லிஃப்ட் மேலே போகும்போது என்ன ஆகும்? எதிர் எடை 400 கிலோ கூடுதல், அது கீழே விழப் பார்க்கும், பெட்டி தானாகவே மேலே போகும். மோட்டார் இப்போது தூக்கவில்லை, இழுத்துப் பிடித்து வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. பழைய லிஃப்டுகளில் இந்த ஆற்றல் வெப்பமாக வீணாகும். புதியவை சிலவற்றில் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, அந்த ஆற்றலை மின்சாரமாகக் கட்டடத்துக்கே திருப்பி அனுப்புகிறது.