விசிலுக்கு முன்னால் முடிகிற வேலை

அவையோருக்கு வணக்கம்.

விளையாட்டுப் பயிற்சியாளர்களிடம் தலைமைப் பண்பைக் கற்கலாம் என்றதும் நம் மனதில் ஒரு காட்சி ஓடும். இடைவேளை நேரம், தோற்றுக்கொண்டிருக்கும் அணி, நடுவில் நின்று முழங்கும் பயிற்சியாளர், அடுத்த பாதியில் பொங்கியெழும் வீரர்கள். திரையில் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். நிஜத்தில் கால்பந்து இடைவேளை 15 நிமிடம். வீரர்கள் உள்ளே வந்து மூச்சு வாங்கி, தண்ணீர் குடித்து, காயத்துக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு திரும்பக் கிளம்பும் நேரத்தைக் கழித்தால் பேசுவதற்கு மிஞ்சுவது சில நிமிடங்கள். அதற்குள் இரண்டு விஷயம் சொல்லலாம். மூன்றாவதைச் சொன்னால் முதலாவது மறந்துபோகும்.

பயிற்சியாளருக்கு ஒரு பெரிய தடை உண்டு. ஆட்டம் ஓடும்போது அவர் பந்தைத் தொட முடியாது. அலுவலகத்தில் மேலாளருக்கு அந்தத் தடை கிடையாது. வேலை சரியாக வரவில்லையென்றால் "நகருங்க, நானே பண்ணிடறேன்" என்று உட்கார்ந்துவிடலாம். அந்த வசதிதான் நம்மைக் கெடுக்கிறது. எல்லைக் கோட்டுக்கு வெளியே நிற்க வேண்டியவர், வேறு வழியில்லாமல், தன் வேலையை ஆட்டத்துக்கு முன்பே முடித்துவைக்கக் கற்றுக்கொள்கிறார். இன்று அந்த முன்வேலையைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் ஜான் வூடன் என்றொருவர். 1948இல் யூசிஎல்ஏ பல்கலைக்கழக அணிக்குப் பயிற்சியாளராக வந்தார். 1964 முதல் 1975 வரையிலான 12 பருவங்களில் 10 தேசியப் பட்டங்கள் வென்றார். பருவத்தின் முதல் நாள் அவர் சொல்லிக்கொடுத்த பாடம், காலுறை போடுவது எப்படி, ஷூ நாடாவை இறுக்குவது எப்படி என்பது. வந்திருந்தவர்களோ நாட்டின் மிகச் சிறந்த இளம் வீரர்கள். காரணம் எளியது. காலுறையில் மடிப்பு இருந்தால் கொப்புளம் வரும், கொப்புளம் வந்தால் பயிற்சி தவறும். தடுக்கக்கூடிய இழப்பை முதல் நாளே தடுத்துவிடுவது அவர் வழக்கம். நம் இடத்தில் இதற்கு இணையானது என்ன? புதிதாகச் சேர்ந்தவருக்குக் கோப்பு எங்கே இருக்கிறது, எந்தப் பெயரில் சேமிக்க வேண்டும், அனுமதி யாரிடம் வாங்க வேண்டும் என்று முதல் நாளே ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து காட்டுவது. "போகப் போகத் தெரிஞ்சுக்குவாரு" என்று விட்ட இடத்தில்தான் கொப்புளம் கிளம்புகிறது.

வூடனின் பயிற்சித் திட்டம் 3க்கு 5 அங்குல அட்டையில் இருக்கும். எத்தனை நிமிடம் எந்தப் பயிற்சி, யார் யாரோடு, எத்தனை பந்துகள் என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். அதைத் தயாரிக்க உதவியாளர்களோடு காலையில் அவர் செலவிட்ட நேரம், மாலையில் நடக்கும் பயிற்சி நேரத்துக்குக் குறையாது. ஒரு மணி நேரக் கூட்டத்துக்குப் பத்து நிமிடம்கூடத் தயாராகாமல் போகிறவர்கள் நம்மில் எத்தனை பேர் என்று கணக்கெடுத்தால் சங்கடமாகிவிடும். விட்டுவிடுவோம்.

1974-75 பருவத்தில் ரொனால்ட் காலிமோர், ரோலண்ட் தார்ப் என்ற இரண்டு உளவியலாளர்கள் அவருடைய 15 பயிற்சிகளில் உட்கார்ந்து, அவர் வாயிலிருந்து வந்ததையெல்லாம் வகைப்படுத்திக் குறித்தார்கள். மொத்தம் 2,326 குறிப்புகள். அதில் பாராட்டு 6.9 சதவீதம், அதிருப்தி 6.6 சதவீதம். ஏறத்தாழ முக்கால் பங்கு வெறும் தகவல்: எதைச் செய், எப்படிச் செய், எப்போது செய். பேருரை என்று ஒன்றுகூட இல்லை. தவறைத் திருத்தும்போது முதலில் சரியான முறையைச் செய்து காட்டுவார், அடுத்து அந்த வீரர் செய்த விதத்தைக் காட்டுவார், மறுபடி சரியான முறையைக் காட்டுவார். எல்லாம் சில நொடிகளில் முடிந்துவிடும். வீரர் உடனே திரும்பச் செய்ய வேண்டும்.

இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நாளைக் காலையே பயன்படும். "இன்னும் கவனமா இருங்க", "பொறுப்பு வேணும்" போன்ற வாக்கியங்களில் தகவல் எதுவும் இல்லை. கேட்டவருக்கு மனம்தான் சுருங்கும், அடுத்த முறை எதை மாற்ற வேண்டும் என்று தெரியாது. ஓர் அறிக்கையில் தொகை தவறிவிட்டது என்று வையுங்கள். இரண்டு நிமிடத்தில் திருத்தலாம். சரியான பக்கத்தைத் திறந்து "கூட்டுத்தொகை மூலப் பட்டியலோடு ஒத்துப்போகணும், இதோ இப்படி" என்று காட்டுங்கள். பிறகு அவர் செய்ததைக் காட்டுங்கள்: "இங்கே போன மாத எண் அப்படியே நிக்குது." மறுபடி சரியானது. பிறகு அவர் கையாலேயே அந்த இடத்தில் திருத்தச் சொல்லுங்கள். ஒரு தடவைக்கு ஒரு திருத்தம் போதும். பலர் தவறுவது கடைசிப் படியில். விளக்கிவிட்டு எழுந்து போய்விடுவார்கள், செய்து பார்க்கவிட மாட்டார்கள். இன்னொரு பழக்கம், திட்டுவதற்கு முன்னும் பின்னும் ஒரு பாராட்டை ஒட்டிவைப்பது. சில மாதங்களில், பாராட்டு வந்தாலே ஆட்கள் அடுத்து வரப்போகும் அடிக்குத் தயாராகிவிடுவார்கள். அதோடு உங்கள் உண்மையான பாராட்டுக்கும் மதிப்புப் போய்விடும்.

அடுத்தது நெருக்கடி. அமெரிக்க நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸின் பயிற்சியாளர் பாப் போமன், ஒரு போட்டியில் ஃபெல்ப்ஸின் நீச்சல் கண்ணாடியை வேண்டுமென்றே மிதித்து உடைத்து, அதோடே நீந்தவிட்டவர். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் 200 மீட்டர் பட்டர்ஃபிளை இறுதியில் ஃபெல்ப்ஸின் கண்ணாடிக்குள் நிஜமாகவே தண்ணீர் புகுந்தது. சுவர் கண்ணுக்குத் தெரியவில்லை. கை வீச்சுகளை எண்ணியபடியே நீந்தி, 1 நிமிடம் 52.03 நொடியில் உலக சாதனையோடு தங்கம் வென்றார். இந்தக் கதையைக் கேட்டுவிட்டு ஊழியர்களைத் திடீரென்று திண்டாடவிடக் கிளம்பும் மேலாளர்கள் உண்டு. அவர்கள் கவனிக்காதது ஒன்று. ஒரு நீளத்துக்கு எத்தனை வீச்சு என்பது ஃபெல்ப்ஸுக்கு ஏற்கெனவே அத்துப்படி. அடிப்படைத் திறன் உறுதியானவருக்குத்தான் கண்ணாடியை உடைக்கலாம். உறுதியாகாதவருக்கு உடைத்தால் அதன் பெயர் அவமானம்.

நியூசிலாந்து ரக்பி அணி இதைத் தோற்றுக் கற்றது. 2007 உலகக் கோப்பைக் காலிறுதியில், கார்டிஃப் நகரில், பிரான்ஸிடம் 18-20 என்று வீழ்ந்தது. கடைசி நிமிடங்களில் பந்து அவர்கள் கையில்தான் இருந்தது. ஒரு டிராப் கோல், அதாவது பந்தைத் தரையில் விழவிட்டு எழும்போது கம்பங்களுக்கு இடையே உதைப்பது, அடித்தால் மூன்று புள்ளி, வெற்றி. தலைகள் சூடேறி, முட்டி மோதிக்கொண்டே நேரத்தைக் கரைத்தார்கள். இந்தத் தோல்விக்குப் பிறகும் பயிற்சியாளர் கிரஹாம் ஹென்றியை நியூசிலாந்து வாரியம் மறுபடி நியமித்தது, அதுவே அபூர்வம். அதன்பின் மனநல மருத்துவர் கெரி எவன்ஸோடு அணி வேலை செய்தது. பதற்றத்தில் பார்வை குறுகுவதைச் 'சிவப்பு' என்றும், தெளிவாக முடிவெடுக்கும் நிலையை 'நீலம்' என்றும் குறித்துக்கொண்டார்கள். சிவப்புக்குப் போவதை உணர்ந்ததும் திரும்பி வர ஒவ்வொருவருக்கும் ஓர் உடல்ரீதியான வழி இருந்தது. ஒருவர் பாதத்தைத் தரையில் அழுத்துவார், ஒருவர் அரங்கின் தூரத்து மூலையைப் பார்ப்பார். 2011 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் அதே பிரான்ஸை 8-7 என்று வென்றார்கள். அந்த ஒரு புள்ளி வெற்றியைத் தந்த பெனால்டி உதையை அடித்தவர், மூன்று பேர் காயமடைந்ததால் களமிறங்கிய நான்காம் தேர்வு வீரர் ஸ்டீபன் டொனால்ட்.

இதை நம் அணியில் செய்ய மணிக்கணக்கு வேண்டாம். நடக்க வாய்ப்புள்ள மூன்று கோளாறுகளை எழுதிக்கொள்ளுங்கள்: முக்கியமானவர் விடுப்பு, சர்வர் முடக்கம், வாடிக்கையாளர் கடைசி நேரத்தில் மனம் மாறுவது. மாதம் ஒன்றை எடுத்து, 20 நிமிடம், நிஜ வாடிக்கையாளர் யாரும் சம்பந்தப்படாமல் நடத்திப் பாருங்கள். முதல் முறை முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்யுங்கள், மூன்றாவது முறை சொல்லாமல் செய்யலாம். முடிந்ததும் இரண்டே கேள்விகள்: யார் முடிவெடுத்தார்கள், அது மற்றவர்களுக்கு எப்போது தெரிந்தது? கோளாறு பெரும்பாலும் இரண்டாவது கேள்வியில்தான் அகப்படும்.

அமெரிக்கக் கால்பந்தில் பில் வால்ஷ் இன்னொரு வழி கண்டார். ஆட்டத்தின் முதல் 15, சில சமயம் 25 நகர்வுகளை முன்பே எழுதிவைத்துவிடுவார். இரைச்சலில் புத்தி மங்கும், அமைதியான அறையில் எடுத்த முடிவு மேலானது என்பது அவர் கணக்கு. அவர் பொறுப்பேற்ற 1979இல் சான் பிரான்சிஸ்கோ அணி 16 ஆட்டங்களில் 2 மட்டுமே வென்றது. 1981 பருவத்தில் சாம்பியன். நடுவில் அவர் பிடிவாதமாகப் பார்த்தது தேர்ச்சியின் தரத்தை, வரவேற்பாளர் தொலைபேசியை எடுக்கும் விதம் உட்பட. பொறுமை காத்தால் வெற்றி வரும் என்று இதிலிருந்து முடிவுகட்ட வேண்டாம். பொறுமையாக இருந்து தோற்றவர்களை யாரும் மேடைக்கு அழைப்பதில்லை, அவ்வளவுதான்.

ஆள் தேர்வுதான் எல்லாவற்றிலும் கடினம். தென்கொரிய மகளிர் வில்வித்தை அணி 1988 முதல் 2024 வரை பத்து ஒலிம்பிக்கிலும் தொடர்ந்து தங்கம் வென்றிருக்கிறது. அங்கே பழைய பதக்கத்துக்குச் சலுகை கிடையாது. டோக்கியோவில் மூன்று தங்கம் வென்ற ஆன் சான், அடுத்த பாரிஸ் ஒலிம்பிக் அணிக்குத் தேர்வாகவில்லை. தேர்வு முறை எல்லோருக்கும் முன்பே தெரியும், அம்புகளின் புள்ளிதான் பேசும். நம் இடங்களில் பதவி உயர்வு கசப்பாவதற்குக் காரணம், அளவுகோல் முடிவுக்குப் பிறகு வெளியாவது.

இங்கிலாந்துக் கால்பந்து அணியான மான்செஸ்டர் யுனைடெட்டின் பயிற்சியாளர் அலெக்ஸ் ஃபெர்குசன் அப்படிப் புள்ளி பார்க்கக்கூடிய விளையாட்டில் இல்லை. கண்ணால்தான் பார்க்க வேண்டும். அதனால் அன்றாடப் பயிற்சியை உதவியாளர்களிடம் கொடுத்துவிட்டு ஓரமாக நின்று கவனித்தார். நடத்துகிறவருக்குத் தெரியாதது நிற்கிறவருக்குத் தெரியும்: ஒருவரின் சுறுசுறுப்பு குறைவது, பழக்கம் மாறுவது. 1995இல் இன்ஸ், ஹியூஸ், கன்செல்ஸ்கிஸ் மூவரையும் அனுப்பிவிட்டு பெக்காம், ஸ்கோல்ஸ் போன்ற இளைஞர்களை இறக்கினார். அந்தப் பருவத்திலேயே லீக், எஃப்ஏ கோப்பை இரண்டும் வந்தன. ஆனால் 2001இல் தற்காப்பு வீரர் யாப் ஸ்டாமை விற்றது தவறு என்று பின்னாளில் அவரே சொன்னார். ஓரமாக நிற்கும் கண்ணும் பிசகும். வாரம் ஒரு கூட்டத்தையாவது வேறொருவர் நடத்த, நீங்கள் வாய் திறக்காமல் உட்கார்ந்து பாருங்கள். முதல் இரண்டு வாரம் மிகவும் கஷ்டமாக இருக்கும்.

அப்படி விட்டுக்கொடுக்கும் பழக்கம் கடைசியில் எங்கே உதவுகிறது என்பதற்கும் ஹென்றி, ஃபெர்குசன் இருவரையே பார்க்கலாம். ஹென்றியிடம் அணித் தலைவர் தானா உமகா ஒருநாள் கேட்டார், ஆட்டத்துக்கு முன் நீங்கள் பேசும் பேச்சு எங்களுக்காகவா உங்களுக்காகவா என்று. அதற்குப் பிறகு ஹென்றி அந்தப் பேச்சையே நிறுத்தினார். முடிவுகளில் வீரர்களின் தலைமைக் குழுவுக்குப் பங்கு கொடுத்தார். 2004 முதல் கூடவே இருந்த உதவியாளர் ஸ்டீவ் ஹான்சன் 2011 கோப்பைக்குப் பின் பொறுப்பேற்றார். வீரர்களுக்கும் வழிமுறைக்கும் அவர் புதியவர் இல்லை. 2015இலும் கோப்பை அவர்களுக்கே. ஃபெர்குசன் 2013இல் லீக் பட்டத்தோடு ஓய்வுபெற்றார். வெளியிலிருந்து புதிய பயிற்சியாளர் வந்தார், அவரோடு பயிற்சிக் குழுவும் மாறியது. அடுத்த பருவத்தில் அணி ஏழாம் இடம். உங்கள் அடுத்த நீண்ட விடுப்புக்கு முன் யாரிடம் எதை ஒப்படைக்கப்போகிறீர்கள் என்பதை இப்போதே ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். தாள் வெறுமையாக இருந்தால், விடுப்பைத் தள்ளிப்போட வேண்டாம். ஒப்படைப்பதை இந்த வாரமே தொடங்குங்கள்.