உத்தரவு போன பிறகும் எரியும் ஓவியங்கள்: 'ஜெர்மன் பாடம்' நாவல்

[திரையில்: எல்பே ஆறு, நடுவே ஒரு தீவு]

வணக்கம். ஜெர்மன் எழுத்தாளர் ஸீக்ஃப்ரீட் லென்ஸ் எழுதி 1968-இல் வெளிவந்த 'ஜெர்மன் பாடம்' நாவலைப் பற்றி இன்று பேசலாம்.

கதை 1954-இல் தொடங்குகிறது. எல்பே ஆற்றுத் தீவு ஒன்றில் இளம் குற்றவாளிகளுக்கான சீர்திருத்தப் பள்ளி. 'கடமையின் மகிழ்ச்சி' என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொல்கிறார் ஆசிரியர். சிக்கி யெப்சன் வெறும் நோட்டைத் திருப்பிக் கொடுக்கிறான். எழுத அவனிடம் நிறையவே இருக்கிறது, எங்கே தொடங்குவது என்றுதான் தெரியவில்லை. தண்டனையாகத் தனி அறையில் உட்காரவைக்கிறார்கள். எழுத ஆரம்பித்தவன் மாதக்கணக்கில் நிறுத்துவதில்லை. அவன் எழுதுவதுதான் நாவல்.

[திரையில்: வட ஜெர்மனி வரைபடம், டென்மார்க் எல்லை]

அவனுடைய அப்பா நாட்டின் வடகோடியில் கிராமத்துப் போலீஸ்காரர். 1943-இல் பெர்லினில் இருக்கும் நாஜி அரசிடமிருந்து உத்தரவு வருகிறது: ஓவியர் நான்சன் இனி வரையக்கூடாது. இருவரும் ஒரே ஊரில் வளர்ந்தவர்கள். தண்ணீரில் மூழ்கப் போன அப்பாவைக் காப்பாற்றியவரே நான்சன்தான். அப்பா உத்தரவைக் கொடுத்ததோடு நிற்கவில்லை. ராப்பகலாகக் கண்காணிக்கிறார், சின்னப் பையனான சிக்கியையும் வேவு பார்க்கச் சொல்கிறார். ராணுவத்திலிருந்து தப்பி வந்த மூத்த மகன் கிளாஸையும் அதிகாரிகளிடம் ஒப்படைக்கிறார்.

அப்புறம் 1945. போர் முடிகிறது. உத்தரவு போட்ட அரசே இல்லை. ஆனால் அப்பா நான்சனின் ஓவியங்களை எரிப்பதை நிறுத்தவில்லை!

என்னை உலுக்கிய இடம் இது. லென்ஸ் இவரைக் கட்சி வெறியராகக் காட்டவே இல்லை. ஹிட்லரைப் பற்றி அவர் முழங்குவதில்லை. கொடுத்த வேலையைச் செய்தேன் என்ற நிம்மதி அவருக்குப் போதும். அந்த நிம்மதிக்கு மேலதிகாரிகூடத் தேவைப்படவில்லை. வெறுப்பிலிருந்து ஒருவன் மீண்டு வரலாம். இப்படிப்பட்ட மனத்துக்கு எங்கிருந்து விடிவு வரும்?

பயந்துபோன சிக்கி, எந்த ஓவியத்தைப் பார்த்தாலும் அது எரியப்போவதாக நினைக்கிறான். காப்பாற்றுவதற்காகத் திருடுகிறான். திருட்டுக்குத் தண்டனை அவனுக்கு. அப்பாவோ மறுபடியும் அதே போலீஸ் வேலையில். தான் அடைபட்டிருப்பது அப்பாவுக்குப் பதிலாகத்தான் என்கிறான் சிக்கி. நாவல் வெளிவந்தது, ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் பணியாற்றியவர்கள் மீதான வழக்கு ஃபிராங்க்ஃபர்ட்டில் 1963 முதல் 1965 வரை நடந்து முடிந்திருந்த நேரம். 'போரில் நீங்கள் என்ன செய்தீர்கள்?' என்று பிள்ளைகள் கேட்கத் தொடங்கியிருந்த நாட்டில் இந்த நாவல் எப்படி வாசிக்கப்பட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

[திரையில்: கடலும் மேகமும், நீர்வண்ணத்தில்]

சரி, நான்சன் யார்? அவருக்குப் பின்னால் இருந்த நிஜ ஓவியர் எமில் நோல்டே. அவருடைய ஆயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகளை நாஜிகள் அருங்காட்சியகங்களிலிருந்து பறித்தார்கள். 1941-இல் தொழில்முறை ஓவியராக இயங்கவும் தடை விதித்தார்கள். இது ஒரு பக்கம். அதே நோல்டே 1934-இல் நாஜி கட்சியில் சேர்ந்தவர். 1933-இல் சக ஓவியர் மாக்ஸ் பெக்ஸ்டைனை யூதர் என்று அதிகாரியிடம் போட்டுக்கொடுத்தவர். பெக்ஸ்டைன் யூதரே இல்லை. 2019-இல் பெர்லினில் நடந்த கண்காட்சி இதையெல்லாம் ஆவணங்களோடு வைத்தது. அந்தச் சமயத்தில் ஜெர்மனியின் ஆட்சித் தலைவராக இருந்த அங்கேலா மெர்கல் தன் அலுவலகத்திலிருந்த இரண்டு நோல்டே ஓவியங்களையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இதனால் நாவல் பொய்யாகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். லென்ஸ் எழுதியது வாழ்க்கை வரலாறு அல்ல. ஆனால் நான்சனின் முகத்தை நோல்டேவுக்கு மாட்டி, அவரை எதிர்ப்பாளராக்கிக் கொண்டாடிய வாசகர்கள் மீது எனக்கு வருத்தம் உண்டு. யூதப் படுகொலை இந்தக் கதையின் மையத்தில் இல்லை. குற்றமற்ற ஓவியர் ஒருவர் கைக்குக் கிடைத்ததும், அந்த இடைவெளியைப் பலர் கவனிக்காமலே போயிருப்பார்கள்.

நாவலைக் கையில் எடுத்தால், ஓவியரைவிட அப்பா வரும் பக்கங்களில் நின்று படியுங்கள். லென்ஸ் மிகக் கூர்மையாக எழுதியிருப்பது அவரைத்தான்.