எடின்பரோ மேடையில் ஒரு வெள்ளாளன்விளைக்காரர்

(மிஷனரி மாநாட்டு ஆயத்தக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

ஐயர் அவர்களே, மாநாட்டுக் குழுவில் இருக்கும் அண்ணன்மாரே, அக்காமாரே, எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

இந்த வருஷ மாநாட்டுக்குச் சிறப்புச் செய்தி கொடுக்கும் பிரசங்கிகளாக யார் யாரை அழைப்பது என்று முடிவெடுக்க வந்திருக்கிறீர்கள். அதற்கு முன்னால் கொஞ்ச நேரம் பேசச் சொன்னார்கள். பெயர்ப் பட்டியல் ஏற்கெனவே மேசையில் இருக்கிறது. அதில் பாதிப் பெயர்கள் போன வருஷ நோட்டீஸிலும் இருந்தவைதான். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. நன்றாகப் பிரசங்கிக்கிறவரை மறுபடி கூப்பிடுவதில் என்ன தப்பு? என் கேள்வி வேறு. ஒருவரை அழைத்து, ஃபிளெக்ஸ் வைத்து, ரயிலடிக்குக் கார் அனுப்பி, பொன்னாடை போர்த்தி மேடையேற்றுகிறோமே, அவர் வாயிலிருந்து எதைக் கேட்கலாம் என்று ஏற்றுகிறோம்? நமக்கு ஏற்கெனவே தெரிந்ததையா?

மிஷனரி மாநாடுகளின் சரித்திரத்தில் விருந்தாளியாக வந்த ஒருவர் பேசிய பேச்சு ஒன்று நூறு வருஷம் கடந்தும் பேசப்படுகிறது. பேசியவர் நம் ஊர்ப் பக்கத்துக்காரர். அந்தப் பேச்சைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

1910 ஜூன் 14 முதல் 23 வரை ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகரத்தில் உலக மிஷனரி மாநாடு நடந்தது. தலைமை ஜான் மாட். அமெரிக்கர், மெதடிஸ்ட் சபைக்காரர், குருப்பட்டம் பெற்ற போதகர் அல்ல, சாதாரண சபையார். வந்த பிரதிநிதிகள் 1,200 பேருக்கு மேல். அதில் ஏறக்குறைய 500 பேர் பிரிட்டன்காரர்கள், அதே அளவு வட அமெரிக்கர்கள், 170 பேர் போல ஐரோப்பாவின் மற்ற நாட்டவர். ஆசியாவிலிருந்து வந்தவர்கள் 20 பேர்கூட இல்லை. ஆப்பிரிக்கச் சபைகளின் குரல் கேட்கவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

இப்படி ஆனதற்கு யாருடைய கெட்ட எண்ணமும் காரணம் இல்லை. இடங்களைப் பங்கிட்ட முறைதான் காரணம். எந்த மிஷன் சங்கம் வெளிநாட்டு ஊழியத்துக்கு எவ்வளவு செலவு செய்கிறதோ, அந்தத் தொகையை வைத்து அதற்கு இத்தனை பிரதிநிதிகள் என்று கணக்குப் போட்டார்கள். பணம் அனுப்புகிறவருக்கு நாற்காலி. அந்தப் பணத்தில் நடக்கிற சபைக்கு நாற்காலி இல்லை. வந்த சில இந்தியர்களும் சீனர்களும் ஜப்பானியர்களும் பெரும்பாலும் மேல்நாட்டுச் சங்கங்களின் கணக்கில் வந்தவர்கள்தான். இன்னொன்றும் நடந்தது. கத்தோலிக்க நாடுகளை மிஷன் களம் என்று கணக்கிடக் கூடாது என்று ஆங்கிலிக்கன் சபையில், அதாவது இங்கிலாந்துத் திருச்சபையில், ஒரு பிரிவினர் பிடிவாதமாக நின்றார்கள். அதனால் லத்தீன் அமெரிக்கா முழுவதும் நிகழ்ச்சி நிரலுக்கு வெளியே போய்விட்டது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

நடத்திய முறையில் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய உண்டு. எட்டுக் குழுக்கள் ஒன்றரை, இரண்டு வருஷம் உழைத்து, களத்தில் இருந்தவர்களிடம் கேள்விகளை அனுப்பிப் பதில் வாங்கி, அறிக்கையை அச்சடித்து முன்கூட்டியே கொடுத்தார்கள். பகல் அமர்வுகளில் அந்த அறிக்கைகளின் மேல்தான் விவாதம். யாராக இருந்தாலும் ஏழு நிமிஷம். மணி அடித்தால் உட்கார்ந்துவிட வேண்டும். (நம் மாநாட்டில் அறிமுக உரைக்கே ஏழு நிமிஷம் போதாது என்பது உங்களுக்குத் தெரியும்.)

ஜூன் 20 சாயங்காலக் கூட்டம். தலைப்பு, வெளிநாட்டு ஊழியரும் உள்நாட்டு ஊழியரும் சேர்ந்து வேலை செய்வதில் உள்ள பிரச்சினை. பேச எழுந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. வயது 35.

அவர் யார் என்று இந்தக் கூட்டத்துக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் அந்த மேடையில் நின்றபோது அவர் இன்னும் பேராயர் அசரியா அல்ல. 1874இல் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்த, ஒரு கிராமத்துச் சபைப் போதகரின் மகன். மெஞ்ஞானபுரத்திலும் திருநெல்வேலியிலும் படித்து, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக்குப் போய், ஒய்.எம்.சி.ஏ. செயலாளராகத் தென்னிந்தியா முழுக்க அலைந்தவர். 1902இல் யாழ்ப்பாணம் போனபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே மிஷனரிகளை அனுப்புவதைக் கண்டார். நம்மால் ஏன் முடியாது என்ற கேள்வியோடு திரும்பினார். அடுத்த வருஷமே திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. நம்மவர் பணம், நம்மவர் ஆள். 1905 கிறிஸ்துமஸ் தினத்தில் செராம்பூரில் தேசிய மிஷனரி சங்கம். மற்றவர்களைப் போகச் சொல்லிவிட்டுத் தான் மட்டும் சென்னையில் உட்கார்ந்திருக்க மனம் வராமல், 1909இல் ஒய்.எம்.சி.ஏ. வேலையை விட்டுவிட்டு நிஜாம் சமஸ்தானத்தில் இருந்த தோர்ணக்கலுக்குப் போனார். தெலுங்கு படித்தார். ஆக, எடின்பரோவுக்கு வந்தவர் பேச்சையே தொழிலாகக் கொண்டவர் அல்ல. களத்திலிருந்து நேரே வந்தவர்.

அவர் என்ன பேசினார்? பத்து வருஷமாக ஊர் ஊராகப் போய்ப் பார்த்ததில், ஐரோப்பிய மிஷனரிக்கும் இந்திய ஊழியருக்கும் இடையே இருக்கிற உறவு இருக்க வேண்டிய விதத்தில் இல்லை என்றார். விலகல் இருக்கிறது, மனம்விட்டுப் பேசுவது இல்லை, எஜமானும் வேலைக்காரனுமாக இருக்கிறார்கள் என்றார். மாப்பும் கேட்கவில்லை, சுற்றி வளைக்கவும் இல்லை. மிஷனரி வீட்டில் உட்கார நாற்காலி, கைகுலுக்கல், ஒரு வேளைச் சாப்பாடு, தேநீர் என்று சின்னச் சின்ன விஷயங்களின் பெயரைச் சொன்னார். இவற்றை இவற்றுக்காகவே நான் கேட்கவில்லை, ஆனால் உள்ளே சிநேகம் இருக்கிறது என்பதற்கு அடையாளமாக இருக்குமானால் இவை எல்லாமும் இதற்கு மேலும் வேண்டும் என்றார்.

அந்த மண்டபத்தில் உட்கார்ந்திருந்தவர்களை நினைத்துப் பாருங்கள். வாலிபத்தில் கப்பலேறி, பிள்ளைகளைக் காலராவுக்குப் பறிகொடுத்து, அந்நிய மண்ணில் பெண்டாட்டியைப் புதைத்தவர்கள் அவர்களில் உண்டு. அவர்களைப் பார்த்து, நீங்கள் எங்களைச் சமமாக உட்கார வைக்கவில்லை என்கிறார் ஓர் இந்தியர். சொல்வதற்குத் தைரியம் மட்டும் போதாது, எப்படிச் சொல்வது என்றும் தெரிந்திருக்க வேண்டும். இங்கேதான் அசரியா எவ்வளவு பெரிய பேச்சாளர் என்று தெரிகிறது.

கடைசிப் பகுதிக்கு வந்தபோது முதலில் நன்றி சொன்னார். மிஷனரிகளின் வீரத்துக்கும் தன்னலம் மறந்த உழைப்புக்கும் இந்தியத் திருச்சபை வருங்காலமெல்லாம் நன்றியோடு சாட்சி சொல்லும் என்றார். அப்புறம் சொன்னார்: ஏழைகளைப் போஷிக்க உங்கள் ஆஸ்திகளைக் கொடுத்தீர்கள். உங்கள் சரீரத்தைச் சுட்டெரிக்கப்படுவதற்குக் கொடுத்தீர்கள். நாங்கள் அன்பையும் கேட்கிறோம். எங்களுக்குச் சிநேகிதரைத் தாருங்கள்!

இது 1 கொரிந்தியர் 13, மூன்றாம் வசனம். நம்மில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கே மனப்பாடம். 'எனக்கு உண்டான யாவற்றையும் நான் அன்னதானம்பண்ணினாலும், என் சரீரத்தைச் சுட்டெரிக்கப்படுவதற்குக் கொடுத்தாலும், அன்பு எனக்கிராவிட்டால் எனக்குப் பிரயோஜனம் ஒன்றுமில்லை.' அசரியா அந்த வசனத்தின் முதல் இரண்டு பகுதிகளை எடுத்து மிஷனரிகளுக்குப் புகழாகச் சூட்டினார். ஆஸ்தியைக் கொடுத்தீர்கள், உண்மை. உயிரைக் கொடுத்தீர்கள், உண்மை. மூன்றாம் பகுதியை அவர் வாயால் சொல்லவே இல்லை. 'பிரயோஜனம் ஒன்றுமில்லை' என்பதை 1,200 பேரும் தங்களுக்குள்ளேயே சொல்லி முடித்திருப்பார்கள். பைபிளை நெஞ்சில் வைத்திருக்கிறவர்களிடம் பேசும்போது, பாதி வசனத்தைச் சொல்லி நிறுத்துவதைப் போல வலுவான அடி வேறு இல்லை.

சிலருக்குக் கோபம் வந்தது. குறிப்பாக இந்தியாவில் வேலை செய்த மிஷனரிகளில் சிலருக்கு. அதைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன்னால் நம் குழு கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. அசரியா மைக்கைப் பறித்துப் பேசவில்லை. (அந்தக் காலத்தில் மைக்கும் இல்லை.) தலைப்பைக் கொடுத்தவர்கள், சாயங்காலக் கூட்டத்தில் முழு நேரம் ஒதுக்கியவர்கள் மாநாட்டை நடத்தியவர்களே. தங்களுக்கு வலிக்கும் என்று தெரிந்த தலைப்பை, அந்த வலியை அனுபவிக்கிற பக்கத்துக்காரரிடமே கொடுத்தார்கள். அசரியாவை நாம் கொண்டாடுகிறோம், சரி. அந்த நிகழ்ச்சி நிரலைப் போட்டவர்களையும் கொஞ்சம் கொண்டாட வேண்டாமா?

இன்னொன்றும் உண்டு. சிநேகம் என்றால் என்ன என்று அவர் கற்பனையில் பேசவில்லை. ஷெர்வுட் எடி என்ற அமெரிக்கர் ஒய்.எம்.சி.ஏ. ஊழியராகத் தமிழ்நாட்டுக்கு வந்து தமிழ் படித்தவர். அசரியாவின் நெருங்கிய நண்பர். அப்படி ஒரு வெள்ளைக்காரரோடு உட்கார்ந்து, சாப்பிட்டு, ஜெபித்து, திட்டம் போட்டுப் பழகியவர் என்பதால்தான், மற்ற இடங்களில் எது இல்லை என்று அவருக்குத் துல்லியமாகத் தெரிந்தது.

அதே மாநாட்டில் சீனாவிலிருந்து வந்த செங் ஜிங்யி என்பவருக்குக் கிடைத்தது ஏழே நிமிஷம். வயது முப்பதைத் தொடவில்லை. சபைப் பிரிவுகள் உங்கள் சண்டை, சீனர்களுக்கு அதில் அக்கறை இல்லை, பிரிவு இல்லாத ஒரே சபை வேண்டும் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். பிற்காலத்தில் பல பிரிவுகள் இணைந்து சீனக் கிறிஸ்து சபை உருவானபோது அதன் தலைமைப் பொறுப்புக்கு வந்தவர் அவர்தான்.

28 வருஷம் கழித்து, 1938 டிசம்பரில், அடுத்த தலைமுறை மாநாடு நம் தாம்பரத்துக்கே வந்தது. முதலில் சீனாவில் ஹாங்சோ நகரில் நடத்தத் திட்டம். ஜப்பான் படையெடுத்ததால் இடம் மாறியது. கிறிஸ்தவக் கல்லூரி தாம்பரத்துக்குக் குடிவந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. இந்த முறை பிரதிநிதிகளில் பாதிக்கு மேல் ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்கச் சபையார். விருந்தாளியாக எடின்பரோவுக்குப் போன அசரியா இங்கே வீட்டுக்காரர். தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த பிரதிநிதிகளில் ஆல்பர்ட் லுத்துலி என்ற ஜூலு தலைவரும் ஒருவர். நிறவெறிக்கு எதிராகப் போராடி 1960க்கான சமாதான நோபல் பரிசு பெற்றாரே, அவரேதான்.

யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையில் பிறந்த டி.டி. நைல்ஸ் பெயரையும் சொல்லாமல் விட முடியாது. 1948இல் ஆம்ஸ்டர்டாமில் உலகத் திருச்சபை மாமன்றம் தொடங்கியபோது, ஆரம்ப ஆராதனையில் இரண்டு பேர் பேசினார்கள். ஒருவர் 83 வயது ஜான் மாட், எடின்பரோவின் அதே மாட். மற்றவர் 40 வயது நைல்ஸ். 1968இல் ஸ்வீடனில் உப்சாலா நகரில் அதே மாமன்றம் கூடியபோது, ஆரம்பப் பிரசங்கத்துக்கு மார்ட்டின் லூதர் கிங்கை அழைத்திருந்தார்கள். ஏப்ரலில் அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அந்தப் பிரசங்க பீடத்தில் ஏறியவரும் நைல்ஸ்தான்.

லத்தீன் அமெரிக்காவை ஞாபகத்தில் வைக்கச் சொன்னேன். 1974இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் உலக சுவிசேஷ மாநாடு. எடின்பரோ வெளியே நிறுத்திய அந்தக் கண்டத்திலிருந்து ரெனே பதில்லா, சாமுவேல் எஸ்கோபார் என்று இரண்டு பேர் மேடையேறினார்கள். சுவிசேஷத்தோடு அமெரிக்க வாழ்க்கை முறையையும் கட்டி அனுப்புகிறீர்களே என்று பதில்லா நேருக்கு நேர் கேட்டார். இங்கேயும் பேச்சுகளை முன்னதாகவே எழுதி அனுப்பியிருந்தார்கள். படித்தவர்கள் கேள்வி எழுப்ப, பேச்சாளர்கள் அவற்றுக்கு மேடையில் பதில் சொன்னார்கள். நம்மால் செய்ய முடியாத காரியமா இது?

சரி, நம் மாநாட்டுக்கு வருகிறேன். போன வருஷ நிகழ்ச்சி நிரலை எடுத்துப் பாருங்கள். சிறப்புச் செய்தி ஒரு மணி நேரம். மூன்று வேளை. ஒடிசாவிலும் ஜார்க்கண்டிலும் நாம் அனுப்பி வைத்திருக்கும் மிஷனரிகளுக்கு 'களச் சாட்சி' என்று மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஆளுக்கு ஐந்து நிமிஷம். அந்த ஐந்து நிமிஷத்தில் அவர்கள் யாருக்கெல்லாமோ நன்றி சொல்லிவிட்டு, ஞானஸ்நானக் கணக்கைச் சொல்லிவிட்டு, ஜெபக்குறிப்பு வாசிப்பதற்குள் பாட்டுக்குழு கீபோர்டைத் தட்ட ஆரம்பித்துவிடுகிறது. களத்தில் முளைத்த சபையிலிருந்து, நம் மிஷனரியின் கையால் ஞானஸ்நானம் பெற்ற ஒருவரை நாம் மேடைக்கு அழைத்ததே இல்லை. நம் மிஷனரி அவரோடு எப்படிப் பழகுகிறார், நாம் அனுப்புகிற பணம் அங்கே எப்படித் தெரிகிறது, தமிழ்நாட்டுக் கிறிஸ்தவன் அங்கே போய் ஒரு குட்டி துரையாக ஆகிவிட்டானா என்று சொல்லத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். 1910இல் நாம் கேட்ட பக்கத்தில் இருந்தோம். இப்போது நாம் அனுப்புகிற பக்கம்.

பட்டியலில் ஒரு பெயரை அடித்துவிட்டு அந்த இடத்தை அப்படி ஒருவருக்குக் கொடுங்கள். சனிக்கிழமை சாயங்காலம், முழுக் கூட்டமும் இருக்கும்போது, குறைந்தது நாற்பது நிமிஷம்.

இவ்வளவு பேசியதும் மூப்பர் ஒருவர் எழுந்து கேட்டார்: "தம்பி, அவர் வந்து ஏதாவது குறை சொல்லிவிட்டுப் போனால் காணிக்கை குறைந்துவிடாதா?" நியாயமான கேள்வி. அசரியாவின் பேச்சுக்கும் கோபப்பட்டார்கள் என்று சொன்னேன். ஆனால் இரண்டரை வருஷத்தில், 1912 டிசம்பர் 29 அன்று, கல்கத்தா பேராலயத்தில் அதே அசரியாவை இந்தியாவின் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயராக அபிஷேகம் செய்தார்கள். செய்தவர்கள் வெள்ளைக்காரப் பேராயர்கள். நம்மூரிலும் ஒன்றிரண்டு பேர் முகம் சுளிப்பார்கள், ஒரு வருஷம் அவர்களுடைய காணிக்கைக் கவர் வராமல் போகலாம். அதைத் தாங்கிக்கொள்ள முடியாத அளவுக்கு நம் சங்கம் பலவீனமாக இல்லை என்பது பொருளாளருக்குத் தெரியும்.

பின்வரிசையிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டது இன்னும் நல்ல கேள்வி. அவருக்குத் தமிழ் தெரியாது, மேடைப் பழக்கமும் இருக்காது, நாற்பது நிமிஷம் எப்படிப் பேசுவார்? பிரசங்கம் பண்ணச் சொல்ல வேண்டாம். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கேள்வி கேட்கட்டும், அவர் தன் பாஷையிலேயே பதில் சொல்லட்டும். மொழிபெயர்க்க நம் மிஷனரியைப் போடாதீர்கள். அவர் முன்னால் அவரைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். சென்னையில் ஒடியா தெரிந்த தமிழர்கள் இருக்கிறார்கள், ஒருவரை நான் பிடித்துத் தருகிறேன். கேள்விகளை மட்டும் இந்த மாதத்துக்குள் எழுதி அங்கே அனுப்பிவிடுங்கள்.