நான்காவது சக்கரம் அந்தரத்தில்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

கரடுமுரடான தடங்களில் வண்டி ஓட்டுவதிலும், ஓட்டக் கற்றுக்கொடுப்பதிலும் இருபது ஆண்டுகளைச் செலவிட்டவன் நான். புதிய வண்டி ஒன்று வெளிவந்ததும் என்னிடம் கற்றவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை குதிரைத்திறன்?" என்பதுதான். 2025 அக்டோபரில் டொயோட்டா நிறுவனம் தன் லேண்ட் குரூசர் குடும்பத்தின் கடைக்குட்டியை எஃப்ஜே என்ற பெயரில் அறிமுகப்படுத்தியபோதும் அதே கேள்வி வந்தது. 163 என்றேன். கேட்டவரின் முகம் வாடிவிட்டது. ஃபோர்டு பிராங்கோவில் 300 குதிரைத்திறன் இருக்கிறது, ஜீப் ராங்லரில் 270 இருக்கிறது, இதை எப்படி அவற்றோடு சேர்த்து நிறுத்துவது என்று அவர் கேட்டார். ஐந்து நிமிடத்தில் சொல்ல முடியாத பதில் அது. வானொலி நிலையத்தார் அழைத்தபோது, அந்தப் பதிலை இங்கே சொல்லலாம் என்று தோன்றியது.

முதலில் ஒரு காட்சியைச் சொல்கிறேன். பாதையில் இடதுபுறம் ஒரு குழி, சற்றுத் தள்ளி வலதுபுறம் இன்னொரு குழி. முன் இடச் சக்கரம் முதல் குழியில் இறங்குகிற நேரத்தில் பின் வலச் சக்கரம் இரண்டாவது குழிக்கு மேலே வருகிறது. வண்டி மூலைக்கு மூலை முறுக்கிக்கொள்கிறது. பின் வலச் சக்கரம் குழிக்குள் இறங்கப் பார்க்கிறது, ஆனால் ஸ்பிரிங் அதற்கு மேல் நீளவில்லை. தரைக்கும் டயருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் அந்தச் சக்கரம் மட்டும் விர்ரென்று சுழல்கிறது, டயரில் ஒட்டியிருந்த சேறு பக்கவாட்டுக் கண்ணாடியில் வந்து அடிக்கிறது. தரையில் நன்றாக ஊன்றியிருக்கும் மற்றச் சக்கரமோ அசையவே இல்லை. கீழே இறங்கி, சுழலும் அந்தச் சக்கரத்தின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த நேரத்தில் எஞ்சினுக்குள் எத்தனை குதிரைகள் இருந்தாலும் அவை அத்தனையும் காற்றைத்தான் கடைந்துகொண்டிருக்கின்றன.

காரணம் டிஃபரன்ஷியல். வளைவில் திரும்பும்போது வெளிச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள் சக்கரம் குறைவாக ஓட வேண்டும். அதற்காக வைத்த பல்சக்கரத் தொகுதி அது. இரு பக்கமும் சமமான முறுக்கு விசையைத்தான் அதனால் கொடுக்க முடியும். அந்தரத்தில் தொங்கும் சக்கரத்தைச் சுழற்ற விசையே தேவையில்லை. ஆகவே தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் கிட்டத்தட்ட ஒன்றும் கிடைப்பதில்லை.

இதற்கு ஒவ்வொரு நிறுவனமும் ஒரு வழி வைத்திருக்கிறது. ராங்லரின் ரூபிகான் என்ற வகையில் முன்னும் பின்னும் டிஃபரன்ஷியல் லாக் உண்டு. ஒரு பொத்தானை அழுத்தினால் இரு சக்கரங்களும் ஒரே தண்டில் கோத்ததுபோல் சேர்ந்து சுழலும். சுஸுகி ஜிம்னி சுழலும் சக்கரத்தைப் பிரேக்கால் பிடித்து, விசையை எதிர்ச் சக்கரத்துக்குத் திருப்புகிறது. லேண்ட் ரோவர் டிஃபென்டரில் கணினி நொடிக்கு நொடி கணக்குப் போட்டு விசையைப் பங்கிடுகிறது. இவற்றுக்கெல்லாம் முந்தைய வழி ஒன்று உண்டு, என் மனத்துக்குப் பிடித்தது அதுதான்: சக்கரம் தரையை விட்டு எழும்பாமலே பார்த்துக்கொள்வது. சக்கரம் மேலும் கீழும் எவ்வளவு தூரம் போய்வர முடியுமோ அவ்வளவு நேரம் அது மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கும். எஃப்ஜேயின் சக்கர அசைவு, தங்களுடைய 70 வரிசை லேண்ட் குரூசருக்கு இணையானது என்று டொயோட்டா சொல்லியிருக்கிறது. 1984இல் வந்து இன்றும் உற்பத்தியில் இருக்கும் வண்டி அது. அறிவிப்பு வந்த அன்று நான் பென்சிலால் அடிக்கோடிட்ட முதல் வரி இது.

அடுத்தது அச்சு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் விளம்பரத் தாளில் வரும் "தரை இடைவெளி" என்ற எண் இந்த இடத்தில்தான் நம்மை ஏமாற்றும். ஜிம்னிக்கு 210 மில்லிமீட்டர். சக்கரங்களுக்கு மேல் வண்டியைத் தாங்கும் சஸ்பென்ஷனில் காற்றை நிரப்பி டிஃபென்டரை உயர்த்தினால் 291 மில்லிமீட்டர். எண்ணைப் பார்த்தால் ஜிம்னி தோற்றுவிட்டது. ஆனால் ஜிம்னியில் முன்னும் பின்னும் இரு சக்கரங்களை இணைக்கும் ஒரே திட அச்சு இருக்கிறது. அந்த அச்சின் நடுவில் உருண்டையாகப் புடைத்திருக்கும் டிஃபரன்ஷியல்தான் அதன் மிகத் தாழ்ந்த இடம். வண்டியின் வயிறு அதைவிட உயரத்தில் இருக்கிறது. சக்கரம் ஒரு கல்லின்மேல் ஏறினால் அச்சும் கூடவே ஏறிவிடும், உருண்டையும் உயர்ந்துவிடும். ஒவ்வொரு சக்கரமும் தனியே அசையும்படி தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள வண்டியில் டிஃபரன்ஷியல் உடம்போடு கட்டப்பட்டிருக்கிறது. பள்ளத்தில் விழுந்து ஸ்பிரிங் அமுங்கும்போது உடம்பு தாழ்கிறது, இடைவெளியும் அந்த நொடியில் குறைகிறது. நின்றுகொண்டிருக்கும் வண்டியில் எடுத்த அளவு, குலுங்கி ஓடும் வண்டிக்கு அப்படியே பொருந்தாது.

ராங்லரும் ஜிம்னியைப்போலவே முன்னும் பின்னும் திட அச்சு கொண்டது. பாறைமேல் ஊர்ந்து போவதில் அதற்கு ஈடு சொல்வது கடினம். அதே வண்டியை நெடுஞ்சாலையில் வேகமாக ஓட்டினால் ஸ்டியரிங்கை அடிக்கடி திருத்திக்கொண்டே வர வேண்டியிருக்கும். பிராங்கோ முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷனும் பின்பக்கம் திட அச்சும் வைத்து நடுவழி எடுத்தது. எஃப்ஜேயும் அந்த நடுவழிதான். ஹைலக்ஸ், ஃபார்ச்சூனர் வண்டிகளைத் தாங்கும் ஐஎம்வி அடித்தளத்தின்மேல், ஏணி வடிவச் சட்டத்தோடு இது நிற்கிறது. முன்பக்கமும் திட அச்சாக இருந்திருந்தால் நான் இன்னும் மகிழ்ந்திருப்பேன். அன்றாடம் தார்ச்சாலையிலும் ஓடப்போகும் வண்டி என்பதால் டொயோட்டாவின் முடிவை ஏற்றுக்கொள்கிறேன்.

இப்போது உங்கள் கையைக் கொஞ்சம் கடன் கொடுங்கள். கட்டைவிரல் நுனியையும் சுண்டுவிரல் நுனியையும் மேசையில் ஊன்றி, உள்ளங்கையை வில்போல் வளைத்து வையுங்கள். அடியில் ஒரு தீப்பெட்டியைத் தள்ளிப் பாருங்கள், எளிதாகப் போகும். உள்ளங்கையின் உயரத்தை மாற்றாமல் விரல்களை விரித்துக்கொண்டே போனால், மேட்டின் உச்சியைத் தாண்டும் வண்டிக்கு என்ன நேர்கிறது என்பது புரியும். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலான தூரம் கூடக் கூட, வயிறு மேட்டில் தட்டி, வண்டி துலாக்கோல்போல் நின்றுவிடும். எஃப்ஜேயில் அந்தத் தூரம் 2,580 மில்லிமீட்டர். அதன் அண்ணனான லேண்ட் குரூசர் 250ஐவிட 270 மில்லிமீட்டர் குறைவு. டிஃபென்டர் 90இன் தூரம் 2,587 மில்லிமீட்டர். இரண்டு வெவ்வேறு தேசத்துப் பொறியாளர்கள் ஏறத்தாழ ஒரே எண்ணில் வந்து நின்றிருக்கிறார்கள். இரண்டு கதவுள்ள பிராங்கோ 2,550, இரண்டு கதவுள்ள ராங்லர் 2,460க்கு ஒரு மில்லிமீட்டர் குறைவு. மூன்று கதவுள்ள ஜிம்னியோ 2,250தான். இவை எல்லாவற்றுக்கும் மூத்த வில்லிஸ் ஜீப்பிலும், 1948இல் ஆம்ஸ்டர்டாமில் அறிமுகமான முதல் லேண்ட் ரோவரிலும் அந்தத் தூரம் 80 அங்குலம், அதாவது சுமார் 2,030 மில்லிமீட்டர்.

ஆக, இன்றைய வண்டிகளின் கூட்டத்தில் ஜிம்னிதான் குட்டை. ஏறத்தாழ 1,100 கிலோ எடையோடு, மற்றவை புகத் தயங்கும் சந்திலும் அது புகுந்து வெளியே வரும். மூக்கு இடிக்காமல் 37 பாகை மேட்டில் ஏறும். பின்புறம் உரசாமல் 49 பாகை சரிவிலிருந்து விலகும். ராங்லர் ரூபிகான் மூக்கை 44 பாகைவரை தூக்கும். ஜிம்னியின் குறை வேறு. அதன் 1.5 லிட்டர் எஞ்சினின் முறுக்கு விசை 130 நியூட்டன் மீட்டர்தான். நான்கு பேரையும் அவர்களுடைய மூட்டை முடிச்சுகளையும் ஏற்றிக்கொண்டு நீண்ட ஏற்றத்தில் ஏறும்போது அது மூச்சு வாங்குவதைக் காதால் கேட்கலாம். எஃப்ஜேயில் 246. அந்த ஏற்றத்தில் இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும்.

இனி, அந்த 163க்கு வருகிறேன்.

பாறைத் தடத்தில் வேகம் எதற்கு? அங்கே தேவைப்படுவது எஞ்சின் பல சுற்றுச் சுற்றி, சக்கரம் ஒரே ஒரு சுற்று வருவது. ஏழு வேகக் கையால் மாற்றும் கியர்பாக்ஸ் பொருத்திய பிராங்கோவின் ஒரு வகையில், மிகத் தாழ்ந்த கியரில், எஞ்சின் ஏறத்தாழ 95 முறை சுழன்றால் சக்கரம் ஒரு முறை சுழலும். எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்றுச் சுற்றுகிறது என்று வையுங்கள். 35 அங்குல டயர் போட்ட அந்த வண்டி ஒரு நிமிடத்தில் 24 மீட்டர் நகரும். கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்கும் தாய்கூட அதை முந்திவிடுவாள். அந்த வேகத்தில் ஓட்டுநருக்குக் கல்லைப் பார்க்க நேரம் கிடைக்கிறது, டயருக்குக் கல்லைப் பற்றிக்கொள்ள நேரம் கிடைக்கிறது. 300 குதிரைத்திறன் உள்ள பிராங்கோவும் அந்த இடத்தில் அதில் ஒரு சிறு பங்கைத்தான் பயன்படுத்துகிறது. மணல் மேடுகளின் கதை வேறு. அங்கே ஓட்டம் குறைந்தால் புதைந்துவிடுவோம், குதிரைத்திறன் கைகொடுக்கும். அங்கே எஃப்ஜே பிராங்கோவுக்குப் பின்னால்தான் வரும், அதை மறைக்க நான் விரும்பவில்லை.

எஃப்ஜேயின் எஞ்சின் 2.7 லிட்டர் பெட்ரோல். டர்போ இல்லை. 2டிஆர் என்ற அந்த எஞ்சின் 2004 முதல் டொயோட்டாவின் பல வண்டிகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. பழைய சரக்கைப் புதிய பெட்டியில் போட்டுவிட்டார்கள் என்று சிலர் குறைப்படுகிறார்கள். அவர்களுக்கு என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒருமுறை நவீனமான ஒரு வண்டியில், எந்த நிறுவனம் என்று வேண்டாம், முழங்கால் அளவு ஓடையைத் தாண்டிக் கரையேறினோம். பத்து நிமிடம் கழித்து முகப்புத் திரையில் எச்சரிக்கை விளக்குகள் வரிசையாக எரிந்தன. வண்டி தானாகவே விசையைக் குறைத்துக்கொண்டது. மெதுவாக ஊர்வதற்கான லோ கியர் விழ மறுத்தது. எஞ்சினில் பழுது இல்லை, அச்சில் பழுது இல்லை. ஏதோ ஒரு சென்சாரின் இணைப்பில் ஈரம் புகுந்திருந்தது. ஸ்பேனரும் திருப்புளியும் கையில் இருந்தும் எங்களால் எதையும் தொட முடியவில்லை. இருட்டும்வரை காத்திருந்து, இன்னொரு வண்டியின் கயிற்றில் கட்டி இழுத்து வந்தோம். அன்றிலிருந்து, இருபது ஆண்டாக உலகம் முழுவதும் மெக்கானிக்குகள் பிரித்து மாட்டிய எஞ்சின் என்றால் எனக்கு மரியாதை கூடிவிட்டது.

இன்னொரு செய்தியும் என்னைத் தொட்டது. எஃப்ஜேயின் முன், பின் பம்பர்கள் ஒரே நீளத் துண்டாக இல்லாமல், மூலைகள் தனியாகக் கழற்றும்படி பிரிக்கப்பட்டிருக்கின்றன. தடத்தில் முதலில் அடிபடுவது மூலைதான். பாறையில் உரசி, கிளிப்புகள் தெறித்து, பாதி பம்பர் டயர்மேல் சாய்ந்து கிடப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். கம்பி போட்டுக் கட்டி ஊர் வந்து சேர்ந்தால், ஒரு மூலைக்காக முழுப் பம்பரையும் மாற்றச் சொல்வார்கள். உடைந்த மூலையை மட்டும் மாற்றலாம் என்று யோசித்தவர், அப்படிப்பட்ட தடத்தில் நடந்து பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும்.

டிஃபென்டருக்கு நான் அநியாயம் செய்யக் கூடாது. ஏணிச் சட்டத்தைக் கைவிட்டு சட்டமும் உடம்பும் ஒன்றேயான அலுமினிய ஒற்றைக் கூடாக 2019இல் அது வந்தபோது, பழைய டிஃபென்டரின் அன்பர்கள் வருந்தினார்கள். எனக்கும் மனம் ஒப்பவில்லை. ஓட்டிப் பார்த்த பிறகு என் எண்ணத்தை மாற்றிக்கொண்டேன். 900 மில்லிமீட்டர் ஆழத் தண்ணீரில் இறங்கும், நாள் முழுவதும் ஓட்டினாலும் முதுகு வலிக்காது. அதன் நான்கு சக்கர இயக்கம் எப்போதும் வேலை செய்வது. எஃப்ஜேயில் அது தேவைப்படும்போது மட்டும் போடும் வகை. அப்படிப்பட்ட அமைப்பை உலர்ந்த தார்ச்சாலையில் போட்டுவிட்டு வளைந்தால் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும், வண்டி முரண்டு பிடிக்கும். பாதி ஈரமும் பாதி உலர்வுமாக மாறி மாறி வரும் மழைக்காலத் தார்ச்சாலையில் டிஃபென்டர்தான் நம்பிக்கை தரும்.

எஃப்ஜேயில் எனக்கு உள்ள பெரிய ஏக்கம் கியர்பாக்ஸ். அறிவித்திருப்பது ஆறு வேக ஆட்டோமேட்டிக். புதியவர்களுக்கு அது எளிது, பாறையில் கிளட்ச் கருகும் பயமும் இல்லை. ஆனாலும் செங்குத்தான சரிவில் கையால் போட்ட முதல் கியரில், பிரேக்கைத் தொடாமல், எஞ்சினே வண்டியைப் பிடித்து இறக்கும் அந்த உணர்வைப் பழகியவர்கள் தேடுவார்கள். ஜிம்னியிலும் பிராங்கோவிலும் ராங்லரிலும் கையால் மாற்றும் கியர் கிடைக்கிறது.

பாறைதான் உங்கள் ஆசை என்றால் ரூபிகானை வாங்குங்கள் என்று என் மாணவர்களுக்குச் சொல்கிறேன். தனியாகவோ இருவராகவோ குறுகிய காட்டுத் தடங்களில் போகிறவர் என்றால் ஜிம்னி போதும், வேறெதையும் பார்க்க வேண்டாம். குடும்பத்தோடும் சுமையோடும் பணிமனைகள் இல்லாத தொலைவுக்குப் போகிறவருக்கு, நான் எஃப்ஜே பக்கம் சாய்கிறேன்.

எஃப்ஜே என் முன் வந்து நிற்கும் நாளில் கதவைத் திறப்பதற்கு முன்னால், தரையில் ஒரு சாக்கை விரித்து மல்லாந்து படுத்து அடியில் புகுவேன். புகைக்குழாய் சட்டத்துக்கு மேலே ஏறிப் போகிறதா, கீழே தொங்குகிறதா? எரிபொருள் தொட்டியின் தகட்டைக் கையால் தட்டினால் என்ன ஓசை வருகிறது? பின் ஷாக் அப்சார்பரின் அடிமுனை அச்சுக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கிறதா? இவற்றைப் பார்த்து முடித்து, முதுகு மண்ணைத் தட்டிவிட்டுத்தான் சாவியைக் கேட்பேன்.

வணக்கம்.