உருக்கிய வெள்ளி ரூபாயில் ஒரு ரக்பி கோப்பை

வணக்கம் நண்பர்களே! ஆறு ஐரோப்பிய அணிகள் வருடா வருடம் மோதும் சிக்ஸ் நேஷன்ஸ் ரக்பி தொடரைப் பற்றி இன்று பேசலாம். அதை ஒரு கோப்பையிலிருந்து தொடங்குகிறேன். திரையில் இந்தப் படத்தைப் பாருங்கள். வெள்ளிக் கோப்பை. மூன்று கைப்பிடிகள், மூன்றுமே நாகப்பாம்புகள். மூடியின் உச்சியில் ஒரு குட்டி யானை. இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் வருடா வருடம் மல்லுக்கட்டுவது இதற்காகத்தான். பெயர், கல்கத்தா கோப்பை.

ஆமாம், நம் கல்கத்தாவேதான். 1870களில் அங்கிருந்த பிரிட்டிஷ்காரர்கள் ஒரு ரக்பி கிளப் நடத்தினார்கள். அந்த வெயிலில் ரக்பி எத்தனை நாள் தாங்கும்? ஆடிக்கொண்டிருந்த ராணுவத்தினர் இடம் மாறிப் போனார்கள். மற்றவர்கள் போலோ, டென்னிஸ் என்று ஒதுங்கிவிட்டார்கள். கிளப்பை மூட வேண்டியதாயிற்று. வங்கியில் மிச்சமிருந்த பணத்தை வெள்ளி ரூபாயாகவே எடுத்தார்கள், 270 ரூபாய். அதை உருக்கி, இந்திய வேலைப்பாட்டோடு இந்தக் கோப்பையைச் செய்து இங்கிலாந்து ரக்பி சங்கத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். கலைகிற கிளப் கையிருப்பைப் பங்கு போட்டுக்கொண்டு போயிருக்கலாம். இவர்கள் அந்த விளையாட்டுக்கே கொடுத்தார்கள். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இது.

1879இல் எடின்பரோவில் இந்தக் கோப்பைக்கான முதல் ஆட்டம் நடந்தது. டிரா! போட்டித்தொடர் அதற்கு அப்புறம்தான் வந்தது: 1883இல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து என நான்கு அணிகள். 1910இல் பிரான்ஸ், 2000இல் இத்தாலி. நடுவில் பிரான்ஸை விலக்கிவைத்து, இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1947இல் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள்.

இங்கிலாந்து-ஸ்காட்லாந்து பகையின் உச்சம் எது என்று கேட்டால், யோசிக்காமல் 1990 என்பேன். எடின்பரோவின் மர்ரேஃபீல்ட் மைதானம், மார்ச் 17. இரண்டு அணிகளும் அந்தத் தொடரில் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. ஜெயிப்பவருக்கு கிராண்ட் ஸ்லாமும் கிடைக்கும், அதாவது தொடரின் எல்லா ஆட்டங்களையும் ஜெயித்த பெருமை; இந்தக் கோப்பையும் கிடைக்கும். இங்கிலாந்துதான் ஜெயிக்கும் என்று பரவலாகப் பேச்சு. வழக்கமாக அணிகள் ஓடித்தான் களமிறங்கும். அன்று ஸ்காட்லாந்து கேப்டன் டேவிட் சோல் ஓடவில்லை. தன் அணியை அடிமேல் அடி வைத்து நடத்திக் கூட்டி வந்தார். அந்த நடையைப் பார்த்த மாத்திரத்தில் அரங்கமே அதிர்ந்தது. ஸ்காட்லாந்து 13-7 என்று ஜெயித்தது. அந்தக் காட்சியை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு மயிர்க்கூச்செறியும்.

அப்புறம் 2019, லண்டன் ட்விக்கன்ஹாம். அரை மணி நேரத்தில் இங்கிலாந்து 31-0. ஆட்டம் முடிந்தது என்றுதான் யாருக்கும் தோன்றும். அப்போது இங்கிலாந்து கேப்டன் ஓவன் ஃபாரல் உதைத்த பந்தை ஸ்காட்லாந்தின் ஸ்டூவர்ட் மெக்கினலி பாய்ந்து தடுத்து, தானே எடுத்துக்கொண்டு ஓடி, எதிரணியின் கோட்டுக்கு அப்பால் தரையில் வைத்தார்; ரக்பியில் இதுதான் ட்ரை. மெக்கினலி ஹூக்கர், அதாவது இரண்டு அணிகளும் பிணைந்து தள்ளும் ஸ்க்ரமில் முன்வரிசையில் முட்டி மோதுகிற ஆள். அவர் அவ்வளவு தூரம் ஓடியதைப் பார்த்ததும் மற்றவர்களுக்கும் தெம்பு வந்துவிட்டது. இரண்டாம் பாதியில் ட்ரைக்கு மேல் ட்ரை. 38-31 என்று ஸ்காட்லாந்து முந்தியேவிட்டது. ஆட்ட நேரமான எண்பது நிமிடமும் கடந்த பிறகு இங்கிலாந்தின் ஜார்ஜ் ஃபோர்ட் ஒரு ட்ரை அடித்து, ட்ரைக்குப் பின் கிடைக்கும் கூடுதல் புள்ளிக்கான உதையையும் உள்ளே அனுப்பினார். 38-38.

1879இல் தொடங்கியது போலவே டிரா. முந்தைய வருடம், 2018இல், ஸ்காட்லாந்து ஜெயித்திருந்ததால், டிரா ஆனாலும் கோப்பை அவர்களிடமே இருந்தது.